வெளிநாட்டு வகுப்புகளோடு இணையவழிக் கூட்டுப் பணி: சுங்கை சிப்புட் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் கற்பிக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக என் வகுப்புப் பிள்ளைகள் வேறு நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது ஒரு பணியைச் செய்துவருகிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களின் புலன (வாட்ஸ்அப்) குழுவிலும், சில சமயம் காய்கறிக் கடை வாசலிலும்கூட ஒரே மாதிரியான ஐயங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றைத் தொகுத்திருக்கிறேன்.

டீச்சர், இது என்ன? பிள்ளைகள் கேமரா முன்னால் நின்று கை ஆட்டுவதுதானே?

கை ஆட்டுவது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கூட்டுப் பணி என்பது இரண்டு நாட்டு வகுப்புகள் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு சேர்ந்து விடை தேடுவது. அவர்களிடம் இருக்கும் ஒன்று நமக்குத் தேவைப்பட வேண்டும். நம்மிடம் இருக்கும் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட வேண்டும். அது மழை அளவாக இருக்கலாம், நிழலின் நீளமாக இருக்கலாம், ஒரு பாட்டியின் நினைவாகவும் இருக்கலாம். அந்தத் தேவை இல்லாத பணியில் இரண்டாம் வாரமே பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டிவிடும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இது புதிய வழக்கமும் அல்ல. 1920களில் செலஸ்தேன் ஃபிரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர், தென் பிரான்சின் சிற்றூர் ஒன்றில் தம் பிள்ளைகள் எழுதியதை வகுப்பிலேயே அச்சிட்டு, அதே நாட்டின் வடமேற்கில் பிரித்தானி (Brittany) பகுதிக் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிக்கு அஞ்சலில் அனுப்பினார். அங்கிருந்தும் அதே போல வந்தது. கணினி வழியாகச் செய்தவர்களில் முன்னோடிகள் நியூயார்க், மாஸ்கோ பள்ளிகள். 1988இல், பனிப்போர் இன்னும் முடியாத நேரத்தில், அவை ஒன்றோடொன்று இணைந்தன. அதிலிருந்து வளர்ந்ததுதான் பல நாட்டுப் பள்ளிகளை இணைக்கும் இன்றைய ஐ-ஏர்ன் (iEARN) அமைப்பு.

இணை வகுப்பை எங்கே போய்த் தேடுவது?

ஐ-ஏர்ன் அமைப்பில் ஆசிரியர்கள் தொடங்கும் பணிகளின் பட்டியல் இருக்கும், பிடித்ததில் சேரலாம். 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய குளோப் திட்டத்துக்கு நாசா துணை நிற்கிறது. மழை, மேகம், மண், நீர் என மாணவர்கள் அளந்து பதியும் திட்டம் அது. 2005இல் ஐரோப்பிய ஆணையம் தொடங்கிய இ-டுவின்னிங் மிக நன்றாக நடக்கிறது. ஆனால் அது ஐரோப்பிய நாடுகளுக்கும் அவற்றின் அண்டை நாடுகள் சிலவற்றுக்கும் உரியது. அதில் பதிவு செய்ய முயன்று நாளை வீணாக்க வேண்டாம். பழைய வழிகாட்டிகளில் ஸ்கைப் வகுப்பறை பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு செய்தி: ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது.

இதெல்லாம் இருந்தாலும், என்னுடைய சிறந்த இணை வகுப்புகள் மூன்றும் உறவினர் வழியாகவே வந்தவை. ஒருவரின் மருமகள் ஒரு நாட்டில் ஆசிரியை, இன்னொருவரின் கல்லூரித் தோழர் வேறொரு நாட்டில் தலைமையாசிரியர் என்று பேச்சுவாக்கில் தெரியவந்தவை. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் கடல் கடந்து ஒரு சொந்தம் இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள்.

வெளிநாடு என்றால் லண்டன், ஜப்பான் என்று இருக்க வேண்டாமா? ஏன் தமிழ்ப் பிள்ளைகளோடேயே சேர்க்கிறீர்கள்?

முதல் ஆண்டுக்கு மட்டும் அப்படிச் செய்யச் சொல்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் இலங்கையின் வட பகுதியில் உள்ள வகுப்புக்கு எழுதினான்: "சந்தையில் மூன்று வெள்ளி கொடுத்து ஓர் அன்னாசி வாங்கினோம்." பத்து நாளில் பதில் வந்தது: "வெள்ளி எங்கள் ஊரில் வானத்தில் இருக்கும். நீங்கள் அதை எப்படிக் கொடுத்தீர்கள்?" அவர்கள் பேச்சில் வெள்ளி என்றால் விண்மீன், நம் பேச்சில் மலேசியப் பணமான ரிங்கிட். வகுப்பு முழுவதும் அந்தக் கடிதத்தைச் சுற்றி நின்றது. தான் தினமும் சொல்லும் சொல்லுக்குக் கடலுக்கு அப்பால் வேறு பொருள் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. வெள்ளி நாணயம் புழங்கிய காலத்தில் வந்த பேச்சு இது என்று ஒரு தாத்தாவிடம் கேட்டுவந்து எழுதினார்கள்.

அதன் பிறகு நான் எதுவும் சொல்லவே இல்லை. பிள்ளைகளே ஒரு சொற்பதிவேட்டைத் தொடங்கிவிட்டார்கள். நாம் காலையில் "பசியாறிவிட்டீர்களா?" என்று கேட்பது அவர்களுக்குப் புதிது. அவர்கள் "கதைக்கிறோம்" என்பது நமக்குப் புதிது. பனை என்று அவர்கள் எழுதியதும் நம் பிள்ளைகள் எண்ணெய் எடுக்கும் செம்பனையை நினைத்துக்கொண்டார்கள்; குலையை எப்படி அறுப்பீர்கள், ஆலை எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்டார்கள். அவர்கள் நுங்கின் படத்தை அனுப்பினார்கள். ஆண்டு முடிவில் பதிவேட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்திருந்தன. மொழி தெரிந்தவர்களிடையேதான் இவ்வளவு நுட்பமான வேறுபாடு கண்ணில் படும். கேள்வி கேட்கப் பழகிய பிறகு ஜப்பானுக்குப் போகலாம்.

என் மகளுக்கு ஆங்கிலம் தடுமாறும். அவளைச் சேர்த்துக்கொள்வீர்களா?

சேர்த்துக்கொள்வேன். முதல் ஆண்டு தமிழிலேயே நடப்பதால் அவளுக்குத் தயக்கம் இருக்காது. இரண்டாம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதும்போது, எதிரில் இருப்பதும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளையாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். இருவரும் சின்ன வாக்கியங்களில் எழுதுவார்கள். இந்தோனேசிய வகுப்பாக இருந்தால் நம் பிள்ளைகளின் மலாய் மொழியே போதும். பேச்சு நன்றாகப் புரிகிறது என்ற மகிழ்ச்சியில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகளிடம் வெளிநாட்டுக்காரர்களுக்குக் காட்ட என்ன டீச்சர் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு தந்தை. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவருடைய தாயார் முப்பது ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்.

அந்த வாரம் அவர் மகள் வீட்டுக்குப் பின்புறம் கிடந்த பழைய பால் மங்கு ஒன்றை, அதாவது ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணத்தை, எடுத்து வந்தாள். உள்ளே ஒட்டுப்பால் கறுத்துக் காய்ந்து ஓரத்தில் பிடித்திருந்தது. விரலால் உரித்தால் நீளமாக இழுபட்டுப் பட்டென்று திரும்பிக்கொண்டது. அதைப் படம் எடுத்து, "இது என்ன என்று கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் எழுதி அனுப்பினோம். இணை வகுப்பிலிருந்து பதினான்கு கேள்விகள் வந்தன. ஏன் விடியுமுன் வெட்ட வேண்டும்? மழை பெய்தால் ஏன் வேலை இல்லை? மரத்துக்கு வலிக்காதா?

விடை சொல்லப் பாட்டியையே பள்ளிக்கு அழைத்தோம். விடியற்காலைக் குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறையும் என்றார். மரத்துக்குள் நீரழுத்தம் அந்த நேரத்தில் கூடுதலாக இருப்பதே காரணம் என்று நான் அறிவியல் பாடத்தோடு சேர்த்துச் சொன்னேன். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டிலிருந்து விலகி வழிந்து வீணாகும், மங்கில் மழைநீரும் கலந்துவிடும் என்றார். வலிக்குமா என்ற கேள்விக்கு மட்டும் சற்று யோசித்தார். "கத்தி தோலோடு நிற்க வேண்டும். உள்ளே கட்டையில் பட்டால் அது காயம். தோலோடு நின்றால் மரம் திரும்பவும் தோல் வளர்த்துக்கொள்ளும்" என்றார். கத்தி பிடிக்கும் விதத்தைக் காட்ட ஓர் அடிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த மூன்று நிமிட ஒளிப்பதிவைத்தான் இணை வகுப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தத் தந்தைக்கு நான் சொல்ல வேண்டிய பதிலை அவருடைய தாயாரே சொல்லிவிட்டார்.

எங்கள் பள்ளியில் மழை வந்தால் இணையம் போய்விடும். இதில் எப்படிச் செய்வது?

நேரலையை நம்பிப் பணியை வகுக்காதீர்கள். என் பணிகளில் பத்தில் ஒன்பது பங்கு நேரலை இல்லாமலேயே நடக்கிறது. பிள்ளைகள் தாளில் எழுதுகிறார்கள். கைப்பேசியில் படம் எடுத்து, இணையம் இருக்கும் நேரத்தில் அனுப்புகிறேன். குரல் பதிவும் அப்படித்தான். ஒரு வகுப்புக்கு ஒரு மடிக்கணினி இருந்தால் போதும். பதில் வரப் பத்து நாள் ஆகட்டும். அந்தக் காத்திருப்பில்தான் பிள்ளைகள் தாங்கள் எழுதியதைத் திரும்பப் படிக்கிறார்கள்.

நேரலை இரண்டே முறை: தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, இருபது இருபது நிமிடம். அன்றைக்கு இணையம் போனால் போகட்டும்.

நேரக் கணக்கு குழப்புகிறது. எந்த நாட்டோடு எப்போது பேசலாம்?

இந்தியாவும் இலங்கையும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நம் பதினொன்றரை அவர்களுக்குக் காலை ஒன்பது. இருவருக்கும் பள்ளி நேரம். மொரீஷியஸ் நான்கு மணி, தென்னாப்பிரிக்கா ஆறு மணி பின்னால். பிரிட்டன் குளிர்காலத்தில் எட்டு, கோடையில் ஏழு. டொரோண்டோ பன்னிரண்டோ பதின்மூன்றோ வரும். அவர்களோடு நேரலையை எண்ணவே வேண்டாம், மேலே சொன்ன கடித முறைதான்.

பள்ளி ஆண்டையும் பாருங்கள். நமக்கு 2026 முதல் மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் ஜூன், பிரிட்டனில் செப்டம்பர். தமிழ்நாட்டு வகுப்பாக இருந்தால் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இரு பக்கமும் நிலையாக இருக்கும்.

கதை, கடிதம் எல்லாம் சரி. கணிதம், அறிவியலுக்கு ஒரு பணியை முழுதாகச் சொல்லுங்களேன்.

பூமியின் சுற்றளவை அளக்கும் பணி. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்ததை உலகப் பள்ளிகள் பல இன்றும் சேர்ந்து செய்கின்றன. வேண்டியவை ஒரு மீட்டர் கம்பு, அளவுநாடா, வெயில். நாங்கள் சென்னைப் பக்கத்து வகுப்போடு செய்தோம்.

செப்டம்பர் 22, 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். அன்று உச்சிப்பொழுதில் கம்பின் நிழலை இரு ஊரிலும் அளக்க வேண்டும். இங்கே பிள்ளைகளுக்கு முதல் வியப்பு: நம் ஊரில் உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. தீபகற்ப மலேசியா 1982 தொடக்கத்தில் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளிக் கிழக்கு மலேசியாவோடு சேர்ந்துகொண்டது. அதனால் அன்று உச்சி வருவது ஒரு மணி தாண்டி ஏழெட்டு நிமிடத்தில். பள்ளி முடிந்த பின் பிள்ளைகளை அரை மணி நேரம் நிறுத்திக்கொள்ளப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சென்னையில் அது பன்னிரண்டை ஒட்டியே வரும். இருவரும் ஒரே நொடியில் அளக்க வேண்டியதில்லை. அவரவர் உச்சியில் அளந்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், மிகக் குட்டையான நிழல்தான் உச்சி.

சுங்கை சிப்புட்டில் நிழல் எட்டரை சென்டிமீட்டர் அளவுக்கு வரும். சென்னையில் இருபத்து மூன்று. வரைந்து கோணமானியால் அளந்தால் இங்கே ஏறக்குறைய 4.8 பாகை, அங்கே 13.1. வேறுபாடு 8.3 பாகை. இரு ஊருக்கும் இடையே வடக்குத் தெற்காக மட்டும் உள்ள தொலைவை வரைபடத்தில் அளந்தால் 920 கிலோமீட்டர் அளவில் கிடைக்கும். 360ஐ 8.3ஆல் வகுத்து 920ஆல் பெருக்குங்கள்: ஏறத்தாழ 39,900. உண்மைச் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டியது. கோணத்தில் ஒரு பாகை பிசகினால் விடையில் நாலாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல் பிசகும், ஆகவே கம்பு நேராக நிற்கிறதா என்று தூக்குநூல் கட்டிப் பாருங்கள். எங்கள் முதல் முயற்சியில் மேகம் மூடிவிட்டது, மறுநாள் அளந்தோம். இரு ஊரும் ஒரே நாளில் அளந்தால், ஒருநாள் தள்ளினாலும் பெரிய வேறுபாடு வராது.

ஒரு வகுப்பின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு இந்த விடை வராது. முதல் கேள்வியில் நான் சொன்ன தேவை இதுதான்.

படம், பெயர் எல்லாம் வெளியே போகுமே. பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர்தான் பொறுப்பு; அதை வேறு யார் தலையிலும் போட முடியாது. தலைமையாசிரியரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் நான் தொடங்குவதே இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். "படம் சரி, முகம் வேண்டாம்" என்று எழுதிக்கொடுக்கும் பெற்றோரும் உண்டு. அந்தப் பிள்ளையின் கையையும் அது செய்த பொருளையும் மட்டும் படம் எடுக்கிறேன். இது போதுமானது, பல நேரங்களில் முகத்தைவிட அழகாகவே இருக்கிறது.

கடிதப் போக்குவரத்து முழுவதும் ஆசிரியரின் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கணக்கு வழியாக மட்டுமே. பிள்ளையின் முதல் பெயர் போதும். முழுப்பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டை எண் எதுவும் போகக்கூடாது. சீருடையில் பெயர்ப்பட்டை இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் படித்துப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

அந்த நாட்டுப் பிள்ளை என் மகனிடம் புலன எண் கேட்டிருக்கிறது. நட்புதானே, கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். புலனத்துக்கு விதிப்படி பதின்மூன்று வயதாக வேண்டும். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வயதே ஆகவில்லை. கேட்ட பிள்ளையைத் திட்டாமல், "எங்கள் வகுப்பு வழியாகவே எழுது" என்று உங்கள் மகனையே பதில் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்க ஆசிரியருக்கு நான் தனியாகத் தெரிவித்துவிடுவேன்.

இதற்குப் புள்ளி உண்டா? பரீட்சை கெட்டுப்போகாதா?

ஆறாம் ஆண்டுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் மூன்றாம் படிவத்துக்கான பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டுவிட்டன. இப்போது நடப்பது வகுப்புசார் மதிப்பீடு. மேலே சொன்ன நிழல் பணியில் கோணம், விகிதம், பெருக்கல், அறிவியல் செயற்பாங்குத் திறன் எல்லாம் வருகின்றன; நான் அதை வைத்தே அடைவுநிலை பதிகிறேன். கூடுதல் வேலையாகச் செய்தால் சுமைதான். பாடத்துக்குள் வைத்துச் செய்யுங்கள்.

இணை வகுப்பு பாதியிலேயே காணாமல் போய்விட்டால்?

எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. ஒரு முறை ஐரோப்பிய நாடொன்றின் வகுப்புக்குப் பிள்ளைகள் முப்பத்தொரு கடிதம் எழுதினார்கள். ஒன்றுக்குக்கூடப் பதில் வரவில்லை. ஒரு சிறுமி ஒவ்வொரு காலையும் என் மேசைக்கு வந்து, "வந்துவிட்டதா டீச்சர்?" என்று கேட்பாள். மூன்றாம் வாரம் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். அந்த ஆசிரியரோடு ஒரு முறைகூடப் பேசாமல் பிள்ளைகளை எழுதவைத்தது என் தவறு.

இப்போது முதலில் ஆசிரியர்கள் இருவரும் அரை மணி நேரம் பேசுகிறோம், தேதிகளை எழுதிக்கொள்கிறோம். எட்டு வாரத்துக்கு மேல் பணியை நீட்டுவதில்லை. ஐ-ஏர்ன் அமைப்பின் கற்றல் வட்டம் என்ற முறையும் நல்ல காப்பு. ஆறு முதல் எட்டு வகுப்புகள் ஒரு வட்டமாகச் சேர்ந்து, ஒவ்வொன்றும் ஒரு கேள்வியை முன்வைக்க, மற்றவை அதற்கு எழுதித் தரும். ஒரு வகுப்பு மௌனமானாலும் பிள்ளைகளின் கை வெறுங்கையாக நிற்காது.

"நீங்கள் இந்தியரா, மலேசியரா?" என்று கேட்கிறார்கள். பிள்ளைக்கு என்ன சொல்லித் தருவது?

எதையும் சொல்லித் தராதீர்கள். இந்தக் கேள்வி ஏறக்குறைய எல்லா ஆண்டும் வருகிறது, பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடமிருந்து. "நீங்கள் எப்போது ஊருக்குத் திரும்புவீர்கள்?" என்றுகூட ஒரு பிள்ளை அன்போடு கேட்டது. பெரியவர்களுக்கு அது சுருக்கென்று தைக்கும். பிள்ளைகளுக்கு அது வெறும் கேள்விதான்.

வீட்டில் போய்க் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். யார் முதலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் பெயர் பதிந்தார், எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தார் என்று மூன்று நான்கு தலைமுறைக் கதைகளோடு வந்தார்கள். ஒரு பிள்ளை கொள்ளுத்தாத்தாவின் ஊர்ப்பெயரைக் கொண்டுவந்தது. இன்னொரு பிள்ளையின் வீட்டில் அது யாருக்கும் நினைவில்லை. 1960இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தாத்தா சம்பளத்தில் பிடித்துப் பங்கு வாங்கிய கதையை ஒரு பையன் எழுதினான். கடைசியில் ஒரு சிறுமி எழுதிய பதிலை அப்படியே அனுப்பினோம்: "நான் சுங்கை சிப்புட்டில் பிறந்தேன். என் ஊர் இதுதான். உங்கள் ஊரைப் பார்க்க ஆசை, வந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்."

பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவிடம் கடிதம் எழுதி வாங்கி வருகிறார்கள். பிழை இல்லாமல் இருக்கிறதே, அனுப்பினால் என்ன?

இணை வகுப்புக்குப் பிழையில்லாத கடிதம் தேவையில்லை. அந்தப் பிள்ளை எழுதிய கடிதம் தேவை. மூன்று வெள்ளிக்கு அன்னாசி வாங்கிய வாக்கியத்தை எந்தக் கருவி எழுதியிருந்தாலும் "ரிங்கிட்" என்று திருத்தியிருக்கும். சொற்பதிவேடே பிறந்திருக்காது. வந்த கடிதம் புரியாதபோது மொழிபெயர்த்துப் படிக்க அதைப் பயன்படுத்துகிறோம். எழுதுவதற்கு, முதல் வரைவு கையால், தாளில், வகுப்பிலேயே.

எங்கள் பள்ளியில் மொத்தமே இருபத்து மூன்று பிள்ளைகள். எங்களைச் சேர்ப்பார்களா?

தாராளமாக. நம் தோட்டப் பள்ளிகள் பல, 150க்குக் குறைவான மாணவர் கொண்ட பள்ளிகளின் பட்டியலில்தான் இருக்கின்றன. ஒரே அறையில் நான்காம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் சேர்ந்து செய்யட்டும். சிறிய வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் கடிதத்துக்கும் தனிப் பதில் கிடைக்கும். முப்பத்தைந்து பேர் உள்ள வகுப்புக்கு அது வாய்க்காது.

டீச்சர், உங்களுக்கு மாற்றல் வந்துவிட்டால் இதெல்லாம் நின்றுவிடுமா?

நின்றுவிடக்கூடாது என்பதற்காக ஆசிரியர் அறை அலமாரியில் ஒரு நீலக் கோப்பு வைத்திருக்கிறேன். இணை ஆசிரியர்களின் பள்ளி மின்னஞ்சல், ஒவ்வொரு பணியின் கால அட்டவணை, பெற்றோர் ஒப்புதல் படிவத்தின் மாதிரி, தவறிப்போன பணிகள் ஏன் தவறின என்ற குறிப்பு ஆகியவை அதில் இருக்கின்றன. சொற்பதிவேடும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு நோட்டுகள் நிரம்பி மூன்றாவது தொடங்கியிருக்கிறது. இந்த ஆண்டு ஓர் இளம் ஆசிரியர் என்னோடு சேர்ந்து செய்கிறார். செப்டம்பரில் நிழல் அளக்கும் பணியை அவரே நடத்தப்போகிறார். கம்பும் தூக்குநூலும் கணினி அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கின்றன. பக்கத்துப் பள்ளிகளுக்கு வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.